பிக்கப் வண்டியின் பின்பக்க ஆட்டத்தைக் குறைப்பது எப்படி? புதியவர்களுக்கு ஒரு வழிகாட்டி

வெறும் வண்டியாக ஓட்டினால் பின்பக்கம் துள்ளுகிறது. பாரம் ஏற்றினால் உட்கார்ந்துவிடுகிறது. வளைவில் முன்பக்கம் திரும்பி முடித்த பிறகு, பின்பக்கம் தன் பாட்டுக்கு ஒரு ஆட்டம் ஆடிவிட்டு வந்து சேர்கிறது. பிக்கப் ஓட்ட ஆரம்பித்தவர்கள் சொல்லும் குறை பெரும்பாலும் இந்த மூன்றில் ஒன்றாக இருக்கும். மூன்றும் ஒரே நோய் மாதிரி தெரியும். ஆனால் காரணம் வேறு, வைத்தியமும் வேறு.

என் முதல் பிக்கப்பில் பாரத்தோடு போகும்போது பின்பக்கம் இடமும் வலமுமாக அலைந்தது. ஸ்பிரிங்குக்குத் தெம்பு போதவில்லை என்று நினைத்து ஏர் ஸ்பிரிங் (காற்று நிரப்பும் பை) வாங்கி மாட்டினேன். வண்டி நிமிர்ந்து நின்றது, அலைச்சல் மட்டும் அப்படியே இருந்தது. சில மாதம் கழித்து அடியில் படுத்து, பின் ஸ்பிரிங் பட்டைக்கும் அதைத் தொங்கவிடும் ஷாக்கிளுக்கும் நடுவே ஒரு லீவரைக் கொடுத்து நெம்பிப் பார்த்தேன். பட்டையின் கண், அதாவது போல்ட் நுழையும் வளையம், அரை விரல் அகலத்துக்கு இப்படியும் அப்படியும் போய் வந்தது. உள்ளே இருந்த ரப்பர் புஷ் கிழிந்து, பாதி பொடியாகவே கொட்டியிருந்தது. அந்தப் புஷ்ஷை மாற்றிய அன்றே அலைச்சல் நின்றது.

அதனால் இங்கே நான் சொல்லும் வரிசையை மாற்றாமல் செய்யுங்கள். வண்டியை அளந்து எழுதிக்கொண்ட பிறகு முதலில் டயர், அடுத்து ஆக்ஸிலை (பின் சக்கரங்களின் அச்சு) பிடித்திருக்கும் பாகங்கள், அப்புறம் ஷாக் அப்சார்பர், அதன்பின் பாரம் வைக்கும் இடம். இவை எல்லாம் சரியான பிறகும் குறை மிச்சம் இருந்தால்தான் புதிதாக ஒன்றைச் சேர்ப்பது பற்றி யோசிக்க வேண்டும்.

பின்பக்கம் ஏன் இப்படி நடந்துகொள்கிறது?

எஞ்சின், கியர் பெட்டி, கேபின் எல்லாம் முன்னால் இருப்பதால், காலி பிக்கப்பின் எடையில் பாதிக்கு மேல் முன் சக்கரங்களில்தான் நிற்கிறது. பின் ஸ்பிரிங்கைச் செய்தவர்கள் முழுப் பாரத்தை மனதில் வைத்துச் செய்திருக்கிறார்கள். காலியாக ஓடும்போது ஒரு சின்ன மேட்டுக்கு அந்த ஸ்பிரிங் வளைந்துகொடுக்காது. பின்பக்கம் மொத்தமும் தூக்கி எறியப்படுகிறது. இந்தத் துள்ளலில் ஒரு பகுதி வண்டியின் சுபாவம். அதைக் குறைக்கலாம், முழுதாக ஒழிக்க முடியாது.

பெரும்பாலான பிக்கப்புகளில் பின்னால் இருப்பது லீஃப் ஸ்பிரிங், அதாவது ஒன்றன்மேல் ஒன்றாக அடுக்கிய இரும்புப் பட்டைகள். மெயின் பட்டையின் முன் கண் சேஸிஸில் நேராக மாட்டப்பட்டிருக்கும். பின் கண் ஷாக்கிள் என்ற ஊசலாடும் துண்டு வழியாகத் தொங்கும். பாரம் ஏறும்போது பட்டை நிமிர்ந்து நீளும், அந்த நீளத்துக்கு ஷாக்கிள் இடம் கொடுக்கும். நடுவில் ஆக்ஸிலை யூ போல்ட்டுகள் பட்டையோடு சேர்த்துக் கட்டியிருக்கும்.

இதில் கவனிக்க வேண்டியது என்னவென்றால், பாரத்தைத் தாங்குவதும் ஆக்ஸிலை அதன் இடத்தில் நிறுத்தி வைப்பதும் இதே பட்டைதான். பின் சக்கரம் வண்டியைத் தள்ளும் விசையும் பிரேக் விசையும் இதன் வழியாகத்தான் சேஸிஸுக்குப் போகின்றன. ஆகவே பட்டையின் பிடிமானத்தில் எங்காவது தளர்ச்சி வந்தால் ஆக்ஸில் லேசாகக் கோணிக்கொள்ளும். அப்போது பின் சக்கரங்கள் தாமாகவே கொஞ்சம் ஸ்டியரிங் பிடிக்க ஆரம்பிக்கின்றன. ஓட்டுபவருக்கு அது 'அலைச்சல்' என்று தெரிகிறது.

சில வண்டிகளில் காயில் ஸ்பிரிங், அதாவது சுருள் ஸ்பிரிங் இருக்கும். 2009 மாடலிலிருந்து ராம் 1500, 2022 மாடலிலிருந்து டொயோட்டா டுண்ட்ரா ஆகியவற்றில் பின்னால் காயில்தான். காயில் பாரத்தை மட்டும் தாங்கும். ஆக்ஸிலை நிறுத்துவது நீளவாக்கில் இருக்கும் லிங்க் கம்பிகளும் குறுக்கே ஓடும் பான்ஹார்டு கம்பியும். கீழே பட்டைக் கண், ஷாக்கிள் என்று நான் சொல்லும் இடத்தில் நீங்கள் இந்தக் கம்பிகளின் முனைப் புஷ்களைப் பார்த்துக்கொள்ளுங்கள்.

படி 1: வண்டியை அளந்து எழுதுங்கள்

சமதளத்தில், காலி வண்டியாக, டயரில் சரியான காற்றோடு (எவ்வளவு என்பது படி 2-இல்) நிறுத்துங்கள். சக்கரத்தின் நடுப்புள்ளியிலிருந்து நேர் மேலே மட்கார்டு விளிம்பு வரை டேப் வைத்து நான்கு மூலையிலும் அளந்து எழுதுங்கள். இடது வலது இரண்டுக்கும் சில மில்லிமீட்டர் வித்தியாசம் வருவது சகஜம். ஒரு விரல் அகலத்துக்கு மேல் போனால் ஒரு பக்கப் பட்டை தளர்ந்திருக்கலாம் அல்லது உடைந்திருக்கலாம்.

அடுத்து ஸ்டியரிங்கை நேராக வைத்து, முன் சக்கர நடுவிலிருந்து பின் சக்கர நடு வரை இரு பக்கமும் அளங்கள். இது பலரும் செய்யாத வேலை. ஒரு பக்கம் கணிசமாகக் குறைந்தால் ஆக்ஸில் இடம் பெயர்ந்திருக்கிறது என்று சந்தேகப்பட வேண்டும். பட்டைகளை ஒன்றாகக் கோக்கும் சென்டர் போல்ட் உடைந்தால் இப்படி ஆகும். அப்படிப்பட்ட வண்டி நேர்ச்சாலையிலும் நண்டு மாதிரி ஒரு பக்கமாகச் சாய்ந்தே போகும். அளவில் அவ்வளவு வித்தியாசம் இருந்தால் வண்டியை ஓட்டாதீர்கள், முதலில் அதைச் சரிசெய்யுங்கள்.

படி 2: டயர்

கதவைத் திறந்தால் ஓட்டுநர் பக்கத் தூணில் ஒரு ஸ்டிக்கர் இருக்கும். வண்டிக்கான காற்றழுத்தம் அதில்தான் இருக்கிறது. டயரின் பக்கச் சுவரில் அச்சிட்டிருப்பது அந்த டயர் தாங்கக்கூடிய உச்ச அளவு, உங்கள் வண்டிக்கான அளவு அல்ல. பல பிக்கப்புகளில் காலி வண்டிக்கு ஒன்று, முழுப் பாரத்துக்கு ஒன்று என இரண்டு அளவு கொடுத்திருப்பார்கள். பாரத்துக்கான காற்றை வைத்துக்கொண்டு காலியாக ஓட்டினால் துள்ளல் நிச்சயம். காலிக்கான காற்றோடு பாரம் ஏற்றினால் டயரின் பக்கச் சுவர் வளைந்து நெளியும், ஸ்பிரிங் கெட்டுவிட்டது போலவே அலையும். வண்டி ஓடிச் சூடாவதற்கு முன், டயர் குளிர்ந்திருக்கும்போது அளவிடுங்கள்.

டயரின் பாரக் குறியீட்டையும் பாருங்கள். அளவு எழுதியிருக்கும் வரிசையின் கடைசியில் ஒரு எண் வரும். 100 என்றால் அந்த டயர் 800 கிலோ தாங்கும், 112 என்றால் 1120 கிலோ. முன்பு வைத்திருந்தவர் விலை குறைந்த கார் டயரை மாட்டியிருந்தால், கீழே நீங்கள் எதை மாற்றினாலும் அலைச்சல் முழுதாகப் போகாது.

படி 3: அடியில் படுத்துப் பாருங்கள்

இந்தப் படிக்குத்தான் அதிக நேரம் கொடுக்க வேண்டும். ஒரு வண்டியின் ஆட்டத்துக்கு எண்ணெய், அழுக்கு, துரு இவற்றின் நடுவே ஒரு சின்னத் தடயம் கட்டாயம் இருக்கும்.

முதலில் பாதுகாப்பு. முன் சக்கரங்களுக்கு இரு புறமும் கட்டை வையுங்கள். ஜாக்கியில் தூக்கிய பிறகு சேஸிஸுக்கு அடியில் ஸ்டாண்ட் கொடுத்து, வண்டியை அதில் இறக்குங்கள். ஜாக்கி மட்டும் தாங்கும் வண்டிக்கு அடியில் ஒரு கையைக்கூட நீட்டாதீர்கள்.

ஆய்வின் முதல் பகுதியை வண்டி தன் சக்கரத்திலேயே நிற்கும்போது செய்யலாம். டார்ச்சைப் பிடித்துப் பட்டைக் கட்டை ஓரமாகப் பாருங்கள். பட்டைகளின் ஓரம் ஒரே நேர்கோட்டில் இருக்க வேண்டும். ஒன்று வெளியே நீட்டிக்கொண்டிருந்தால் அந்தக் கட்டு தளர்ந்திருக்கிறது, அல்லது பட்டை உடைந்திருக்கிறது. விரிசல் பெரும்பாலும் நடுவில் யூ போல்ட் ஓரத்திலும் கண் வளையும் இடத்திலும் விழும். கம்பித் தூரிகை கொண்டு துருவைத் தேய்த்துவிட்டுப் பார்த்தால்தான் அது தெரியும்.

யூ போல்ட் நட்டைச் சுற்றிலும், பட்டைக்கும் ஆக்ஸிலுக்கும் நடுவிலும் செம்மண் நிறத்தில் மெல்லிய பொடி ஒழுகியிருக்கிறதா என்று பாருங்கள். இரும்போடு இரும்பு உரசினால் வரும் பொடி அது. சும்மா நிற்கும் துரு ஒட்டிக்கொண்டிருக்கும். இது கோடு போட்ட மாதிரி கீழே வழிந்திருக்கும். அதைப் பார்த்தால் கட்டு நகர்கிறது என்று எடுத்துக்கொள்ளலாம்.

அப்புறம் லீவர். முன் கண், பின் கண், ஷாக்கிளின் மேல் முனை என ஒவ்வொன்றிலும் கொடுத்து நெம்புங்கள். ரப்பர் அமுங்கி மீள்வது சரியான அசைவு. 'டக்' என்ற சத்தத்தோடு இரும்பு நகர்ந்தால் புஷ் போய்விட்டது. காயில் வண்டியில் பான்ஹார்டு கம்பியின் இரு முனையையும் முதலில் பாருங்கள். அங்கே வரும் தளர்ச்சி நேராகப் பக்கவாட்டு அலைச்சலாகத் தெரியும்.

புஷ் மாற்றும்போது புதியவர்கள் தவறவிடும் ஒரு விஷயம் இருக்கிறது. ரப்பர் புஷ்ஷின் நடுக்குழாயை போல்ட் இறுக்கிப் பிடித்துக்கொள்ளும். அதன் பிறகு நடக்கும் அசைவு முழுவதும் ரப்பரின் முறுக்கலில்தான் நடக்கிறது. ஆக்ஸில் தொங்கிக்கொண்டிருக்கும்போதே போல்ட்டை இறுக்கிவிட்டால், வண்டியை இறக்கியதும் ரப்பர் நிரந்தரமாக முறுக்கிய நிலையில் நிற்கும், சீக்கிரம் கிழியும். போல்ட்டைக் கையால் மட்டும் முடுக்கிவிட்டு, வண்டியைச் சக்கரத்தில் நிறுத்தி ஒன்றிரண்டு முறை அழுத்தி அசைத்த பிறகே முழு இறுக்கம் கொடுங்கள்.

பாலியூரித்தேன் புஷ் போடலாமா என்று கேட்பார்கள். கெட்டியாகப் பிடிக்கும், நீண்ட நாள் உழைக்கும். ஆனால் கிரீஸ் குறைந்தால் கீச்சிடும், சாலையின் அதிர்வையும் கூடுதலாக உள்ளே அனுப்பும். அதிகம் பாரம் ஏற்றும் லீஃப் ஸ்பிரிங் வண்டிக்கு அது நல்ல தேர்வு. குடும்பத்தோடு போவதற்கே வண்டி என்றால் நான் ரப்பரையே போடச் சொல்வேன்.

யூ போல்ட்டைக் கழற்றினால் பழையதைத் திரும்ப மாட்டாதீர்கள். இறுக்கும்போது அது இழுபட்டு நீள்கிறது, மறை ஒரு தடவை அந்த விசையை வாங்கிவிட்டது. புதியதைப் போட்டு, நான்கு நட்டையும் குறுக்கும் நெடுக்குமாக மாற்றி மாற்றிக் கொஞ்சம் கொஞ்சமாக இறுக்குங்கள். கடைசி இறுக்கத்துக்கு, இறுக்கும் விசையை அளந்து காட்டும் டார்க் ரெஞ்ச் வேண்டும். எவ்வளவு என்பது வண்டிக்கு வண்டி மாறும், சர்வீஸ் புத்தகத்தில் இருக்கும். ஏறக்குறைய 100 கிலோமீட்டர் ஓட்டிய பிறகு இன்னொரு முறை ரெஞ்ச் வைத்துப் பார்ப்பது கட்டாயம்.

படி 4: ஷாக் அப்சார்பர்

பாரத்தைத் தாங்குவது ஸ்பிரிங்கின் வேலை. அந்த ஸ்பிரிங்கின் ஆட்டத்தை அடக்குவதுதான் ஷாக்கின் வேலை. ஒரு மேட்டைத் தாண்டிய பிறகு பின்பக்கம் ஒரு தடவை எழுந்து அமர்ந்தால் சரி. மூன்று நான்கு தடவை ஆடினால் ஷாக் தேய்ந்துவிட்டது. காரில் செய்வது போல மூலையை அழுத்திவிட்டுப் பார்க்கும் சோதனையை பிக்கப்பின் பின்பக்கத்தில் நம்பாதீர்கள். அந்த ஸ்பிரிங் நம் உடல் எடைக்கெல்லாம் அசையாது. உடம்பில் எண்ணெய் வழிந்து தூசி பிடித்திருக்கிறதா, தண்டு வளைந்திருக்கிறதா, முனை ரப்பர் நைந்திருக்கிறதா என்று பாருங்கள்.

மோசமான சாலையில் முதல் பத்து நிமிடம் நன்றாக இருந்துவிட்டு அப்புறம் துள்ள ஆரம்பித்தால், உள்ளே எண்ணெய் சூடாகிக் காற்றோடு கலந்து நுரைக்கிறது என்று அர்த்தம். வாயு நிரப்பிய ஷாக்கில் இந்தத் தொல்லை குறைவு. ஒற்றைக் குழாய் வகையில் எண்ணெயையும் வாயுவையும் ஒரு பிஸ்டன் பிரித்து வைத்திருப்பதால் இன்னும் குறைவு. இரட்டைக் குழாய் வகை வாங்கினால், மாட்டுவதற்கு முன் நிமிர்த்திப் பிடித்து நாலைந்து முறை முழுதாக இழுத்து அழுத்துங்கள். படுக்க வைத்திருந்தபோது உள்ளே புகுந்த காற்று வெளியேறிவிடும்.

கழற்றுவதும் மாட்டுவதும் மேலே ஒன்று கீழே ஒன்று என இரண்டு போல்ட் வேலைதான். காயில் வண்டியில் மட்டும் ஆக்ஸிலுக்கு அடியில் ஜாக்கி கொடுத்துத் தாங்கிய பிறகே கழற்றுங்கள். சில வண்டிகளில் ஆக்ஸில் கீழே இறங்காமல் தடுத்து நிறுத்துவதே அந்த ஷாக்தான். கழற்றிவிட்டால் காயில் கழன்று விழலாம், பிரேக் குழாயும் இழுபடும். இரண்டு பக்கமும் ஜோடியாக மாற்றுங்கள்.

படி 5: பாரத்தை எங்கே வைக்கிறீர்கள்?

இதற்குக் காசு செலவில்லை. ஒரு கணக்குப் பாருங்கள். முன் ஆக்ஸிலுக்கும் பின் ஆக்ஸிலுக்கும் நடுவே 3.2 மீட்டர். பின் ஆக்ஸிலுக்கு 1.2 மீட்டர் பின்னால், பின்கதவு ஓரமாக 100 கிலோ வைக்கிறீர்கள். வண்டி பின் ஆக்ஸிலை அச்சாகக் கொண்ட ஒரு ஏற்றம் மாதிரி வேலை செய்யும். முன் சக்கரத்திலிருந்து 37.5 கிலோ தூக்கப்படும், பின் சக்கரத்தில் 137.5 கிலோ இறங்கும். அதே 100 கிலோவைக் கேபினை ஒட்டி, பின் ஆக்ஸிலுக்கு முன்னால் வைத்தால் அதில் ஒரு பகுதியை முன் சக்கரம் வாங்கிக்கொள்ளும். முன்பக்கம் லேசானால் ஸ்டியரிங் பிடிப்பும் குறையும். ஆகவே கனமானதைக் கீழேயும் முன்னேயும் வைத்து, நகராதபடி கட்டுங்கள்.

ட்ரெய்லர் இழுப்பவர்களுக்கும் இதே கணக்குதான். சாதாரணக் கொக்கியில் மாட்டும் ட்ரெய்லரின் மொத்த எடையில் 10 முதல் 15 சதவீதம் கொக்கியில் அமர வேண்டும். அதற்குக் குறைந்தால் ட்ரெய்லர் வால் ஆட்டும். பின்பக்கம் தாழ்கிறதே என்று ட்ரெய்லரின் பாரத்தைப் பின்னால் தள்ளி வைப்பது மிக ஆபத்தான தவறு.

படி 6: பாரத்துக்குத் துணை ஸ்பிரிங்

எல்லாம் சரியாக இருந்தும் பாரத்தில் பின்பக்கம் உட்கார்ந்தால் மூன்று வழி உண்டு. எப்போதும் பாரத்தோடுதான் ஓடுகிறது என்றால் கூடுதல் பட்டை ஒன்றைச் சேர்க்கலாம். காலியாக ஓடும்போதும் அந்தக் கடினம் இருக்கும் என்பது அதன் குறை. எப்போதாவதுதான் பாரம் என்றால், ஆக்ஸில் மேலே வந்து முட்டும் இடத்தில் வைக்கும் ரப்பர் அல்லது நுரைத் துணை நல்லது. பாரம் வந்தால் மட்டும் வேலை செய்யும், பராமரிப்பும் இல்லை. பாரம் நாளுக்கு நாள் மாறினால் ஏர் ஸ்பிரிங்.

ஏர் ஸ்பிரிங்கில் ஒரு முக்கியமான விவரம். இடது வலது இரண்டு பையையும் ஒரே குழாயில் இணைத்தால், வளைவில் அழுத்தப்படும் பையின் காற்று எதிர்ப் பைக்கு ஓடிவிடும். சாய்வு குறைவதற்குப் பதில் கூடும். இரண்டுக்கும் தனித்தனிக் குழாய் போடுங்கள். புகைக் குழாயின் சூடு படாமல் தள்ளிக் கட்டுங்கள். மூட்டுகளில் சோப்பு நீர் தடவிக் குமிழி வருகிறதா என்று பாருங்கள். காலியாக ஓட்டினாலும் தயாரிப்பாளர் சொல்லும் குறைந்தபட்சக் காற்றை விட்டே வையுங்கள், இல்லையென்றால் பை மடிந்து உரசிக் கிழியும்.

பழைய பிக்கப்புகள் பலவற்றில் பின் ஆக்ஸிலிலிருந்து சேஸிஸுக்கு ஒரு சின்னக் கம்பி ஓடும். பின்பக்கம் எவ்வளவு தாழ்ந்திருக்கிறது என்பதை வைத்துப் பின் பிரேக்கின் அழுத்தத்தைக் கூட்டிக் குறைக்கும் வால்வு அதில் இருக்கிறது. துணை ஸ்பிரிங் போட்டு வண்டியை நிமிர்த்திவிட்டால், பாரம் இருக்கும்போதும் காலி வண்டி என்றே அந்த வால்வு நினைத்து, பின் பிரேக்கைக் குறைத்துவிடும். உங்கள் வண்டியில் அது இருந்தால் மெக்கானிக்கிடம் சொல்லிச் சரிசெய்யாமல் சாலைக்குப் போகாதீர்கள்.

எந்தத் துணை போட்டாலும் வண்டியின் அனுமதிக்கப்பட்ட மொத்த எடை ஒரு கிலோகூட உயர்ந்துவிடாது. ஆக்ஸில், பிரேக், டயர், சேஸிஸ் எல்லாம் பழையவைதானே.

படி 7: ஆன்ட்டி ரோல் பார்

வளைவில் சாய்வது மட்டும்தான் மிச்சக் குறை என்றால் இது. பல பிக்கப்புகளில் முன்னால் இருக்கும், பின்னால் இருக்காது. இரண்டு சக்கரமும் சேர்ந்து ஏறி இறங்கும்போது இந்தக் கம்பி சும்மா இருக்கும். ஒன்று ஏறி மற்றது இறங்கும்போது முறுக்கிக்கொண்டு எதிர்க்கும்.

தடிமனில் பேராசைப்படாதீர்கள். கெட்டிக் கம்பியின் முறுக்கு எதிர்ப்பு விட்டத்தின் நான்காம் அடுக்கில் கூடுகிறது. 22 மில்லிமீட்டரிலிருந்து 25 மில்லிமீட்டருக்குப் போனால் பார்வைக்கு வித்தியாசமே தெரியாது, ஆனால் ஏறக்குறைய 67 சதவீதம் கடினமாகிவிடும். பின்பக்கம் மட்டும் கடினமானால் வளைவில் பின் சக்கரம்தான் முதலில் பிடியை விடும். காலி பிக்கப், நனைந்த சாலை, தடித்த பின் பார் மூன்றும் சேர்ந்தால் வண்டி சுழன்றுவிடலாம். உங்கள் மாடலுக்கென்றே செய்ததை, இருப்பதில் மென்மையானதாகப் பார்த்து வாங்குங்கள். கரடுமுரடான பாதையில் அடிக்கடி போகிறவர்களுக்கு இதை நான் சொல்ல மாட்டேன். சக்கரங்கள் தனித்தனியாக ஏறி இறங்குவதை இது தடுக்கும்.

வேகமெடுக்கும்போது பின்னால் 'தடதட' என்று உதறினால் அது வேறு சங்கதி. ஆக்ஸில் சுழலப் பார்த்துப் பட்டையை எஸ் வடிவில் முறுக்குகிறது. வண்டியை உயர்த்த ஆக்ஸிலுக்கும் பட்டைக்கும் நடுவே கட்டை வைத்திருந்தால் இது மோசமாகும். அந்தக் கட்டையை எடுத்துவிடுவது முதல் வேலை, முறுக்கைத் தடுக்கும் டிராக்‌ஷன் பார் அதற்கு அடுத்தது.

ஓட்டிப் பார்ப்பது

ஒரு நேரத்தில் ஒன்றை மட்டும் மாற்றுங்கள். ஷாக்கையும் பாரையும் ஒரே நாளில் போட்டால் எது வேலை செய்தது, எது கெடுத்தது என்று பிரித்துச் சொல்ல முடியாது. ஒரே சாலை, ஒரே காற்றழுத்தம், ஒரே பாரம் என்று வைத்துக்கொண்டு, நடமாட்டம் குறைந்த நேரத்தில், முதலில் மெதுவாக ஓட்டுங்கள். திரும்பி வந்ததும் அதே டேப்பை எடுத்து நான்கு மூலையையும் மறுபடி அளந்து பழைய எண்ணுக்குப் பக்கத்தில் எழுதுங்கள். பின்பக்க உயரம் மாறியிருந்தால் ஹெட்லைட்டின் வெளிச்சம் விழும் இடமும் மாறியிருக்கும். அன்று இரவே ஒரு சுவருக்கு எதிரே வண்டியை நிறுத்திப் பார்த்து, எதிரே வருகிறவர் கண்ணில் அடிக்காதபடி திருகி வையுங்கள்.